கருவையை எடுத்த பிறகு: மதுரைப் பக்கத்து மேய்ச்சல் புறம்போக்கை மீட்கும் கணக்கு

புலம்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 10 ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு. ஒரு குறிப்பிட்ட ஊரின் புலம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர் எல்லைகளில் திரும்பத் திரும்பக் காணும் நிலையை ஒரே புலமாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறோம். செம்மண்ணும் சரளையும் கலந்த மேடு. கிழக்கே கண்மாயை நோக்கி இலேசான வாட்டம். மேற்கே சாலை, வடக்கே பட்டா நிலம். ஊரின் நில விவரம் உள்ள அ பதிவேட்டில் மேய்ச்சல் தரை என்று இருக்கும்; நேரில் போனால் ஆள் நுழைய இடமில்லாத சீமைக்கருவைக் காடு.

மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த இந்த மரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்ற ஆணையிட்டபோது மாவட்டமெங்கும் ஜேசிபிகள் இறங்கின. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆணையும் இருக்கிறது, கொள்கையும் இருக்கிறது. இருந்தும், ஒருமுறை வழித்தெடுத்த இடங்கள் பல மறுபடியும் கருவையாகவே நிற்கின்றன. மரத்தை எடுப்பதை மட்டும் வேலையாக எண்ணியதுதான் காரணம். எடுப்பதற்குச் சில வாரங்கள் போதும். அந்த இடத்தில் புல் பிடிக்க மூன்று மழைக்காலம் வேண்டும். அந்த மூன்று மழைக்காலத்துக்கு ஆளும் பணமும் ஒதுக்காமல் தொடங்கினால், தொடங்காமலே இருப்பது நல்லது, மேல்மண்ணாவது மிஞ்சும்.

ஏன் திரும்ப வருகிறது

இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று தூர். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில், தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. தரையோடு வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும். ஒற்றைத் தண்டாக நின்ற மரம் அடுத்த ஆண்டு ஏழெட்டுக் கிளையோடு புதராக நிற்கும். விறகு ஏலம் எடுப்பவருக்கு இது லாபம். சில ஆண்டு கழித்து அதே தூரில் மறுபடி விறகு வெட்டலாம். ஏலப் பத்திரத்தில் ‘மரம் வெட்டிக்கொள்ள’ என்று மட்டும் எழுதிவிட்டு, தூர் போகவில்லையே என்று பிறகு வருந்திப் பயனில்லை.

இரண்டாவது, இதைவிடப் பெரியது, விதை. பழுத்த நெத்தில், அதாவது முற்றிய காயில், சர்க்கரை உண்டு; ஆடும் மாடும் தேடித் தின்னும். சதை செரித்துவிடும், கடினமான ஓட்டுக்குள் இருக்கும் விதை பிழைத்து வெளியே வரும். ஆடு ஓரளவு மென்று நொறுக்கிவிடும். மாட்டின் வயிற்றில் தப்பும் விதை அதைவிட அதிகம். காய்ந்த சாணி வரட்டி ஒன்றை வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துப் பாருங்கள். அடியில் பழுப்பு நிறத்தில் வழவழவென்று தங்கும் சிறு விதைகளை எண்ணிக்கொள்ளலாம். மழைக்குப் பிறகு மந்தை படுத்த இடத்துக்குப் போனால், ஒரே சாணியிலிருந்து கொத்தாகக் கன்றுகள் எழுந்து நிற்பது தெரியும். எருவும் ஈரமும் சேர்ந்த நாற்றங்கால் அது. இலையோ கசப்பு, ஆடு தொடாது. காயைத் தின்று பரப்பும் வாய், கன்றைத் தின்று அழிப்பதில்லை. மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டு உயிரோடு இருக்கும்.

கருவை காற்றின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், அது நிற்கும் ஊரில் மழையே பெய்யாது என்றெல்லாம் சொல்கிறார்கள். இதற்கு ஆதாரம் கிடையாது, அந்தக் காரணம் தேவையுமில்லை. ஆழ்வேரும், புல்லை வளரவிடாத நிழலும் சருகும் போதும், மேய்ச்சல் தரையை அழிப்பதற்கு. பொய்க்காரணத்துக்காக எடுத்தவர்கள், எடுத்த மறுவருடம் மழை வரவில்லை என்றதும் வேலையையே விட்டுவிடுகிறார்கள்.

தொடங்கும் முன் எண்ணுவது

கயிறு பிடித்து 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் ஐந்து போடுங்கள்: மேட்டில் இரண்டு, நடுவில் ஒன்று, கண்மாய்ப் பக்கம் இரண்டு. ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் பருமன், மணிக்கட்டுப் பருமன், தொடைப் பருமன் என்று மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். சராசரியை 40ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை என்று கிடைக்கும். முதல் வகைக்கு ஆள் போதும், இரண்டாம் வகைக்குக் கடப்பாரையும் கோடாரியும், மூன்றாம் வகைக்குத்தான் இயந்திரம். இந்த எண்ணிக்கை இல்லாமல் மணிக் கணக்கில் வண்டியைக் கொண்டுவந்தால், கையால் பிடுங்கக்கூடிய கன்றுக்கும் ஜேசிபி வாடகை போய்ச் சேரும்.

அடுத்து, காப்பாற்ற வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது. இந்த ஒரு நாள் வேலையைத் தவிர்த்ததால் வெள்வேலும் நாட்டுக்கருவேலும் சேர்ந்து சாய்ந்த இடங்கள் நிறைய. பூவும் காயும் இருந்தால் குழப்பமே வராது. சீமைக்கருவையின் பூ பூனை வால்போல் நீண்டு பச்சை கலந்த மஞ்சளாகத் தொங்கும். நாட்டுக்கருவேலின் பூ பளிச்சென்ற மஞ்சள் உருண்டை. சீமைக்கருவை நெத்து வைக்கோல் நிறத்தில் தட்டையாக நீளும். நாட்டுக்கருவேலின் காய் விதைக்கு விதை இடை சிறுத்து, சாம்பல் பூத்த மணிமாலை போல இருக்கும். வெள்வேலுக்குப் பட்டையே அடையாளம், வெளிறி இருக்கும். வன்னிதான் ஏமாற்றும், கருவைக்கு நெருங்கிய உறவு. அதன் முள் கணுவில் ஜோடியாக நிற்காமல் தண்டில் இங்குமங்கும் சிதறி இருக்கும். உசிலம்பட்டிக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் உசில், இலந்தை, ஆத்தி எது நின்றாலும் சுண்ணாம்பு அடியுங்கள். ஆவாரம் புதரையும் தொட வேண்டாம்.

கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் வாங்கி எல்லைக் கல் பார்ப்பதும், ஊராட்சித் தீர்மானமும், வட்டாட்சியர் அனுமதியும் மரம் தொடும் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஏல நிபந்தனையில் மூன்று வரி தவறாமல் இருக்கட்டும்: தூரோடு எடுக்க வேண்டும், குழியை அன்றன்றே மூட வேண்டும், அடுத்த கார்த்திகை வரை தளிர்க்காமல் இருந்தால் மட்டுமே வைப்புத்தொகை திரும்பும்.

எந்த மாதம், எந்தப் பக்கத்திலிருந்து

எடுப்பதற்கு ஏற்ற காலம் தை கடைசியும் மாசியும். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அடிமண்ணில் மிச்சமிருக்கும், வேர் இளகி வரும். பங்குனி, சித்திரையில் நெத்து பழுத்து உதிரத் தொடங்கும். அப்போது மரத்தை இழுத்துப் போட்டால் நெத்தைப் புலமெங்கும் நாமே விதைத்ததாகும். ஆடியில் எடுப்பவர்களும் உண்டு. வெறும் மண் ஆடிக் காற்றில் பறக்கும். மிச்சம் முதல் இடிமழையில் கண்மாய்க்குள் இறங்கும்.

10 ஏக்கரையும் ஒரே ஆண்டில் எடுக்கக் கூடாது. இரண்டரை ஏக்கர் வீதம் நான்கு துண்டாக்கி, மேட்டுப் பக்கத்து இரண்டை முதல் ஆண்டும் பள்ளத்துப் பக்கத்து இரண்டை அடுத்த ஆண்டும் எடுக்க வேண்டும். நெத்து தண்ணீரில் மிதக்கும். விதை எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் வரும். கீழிருந்து தொடங்கினால் எடுத்த இடத்தில் ஒவ்வொரு மழையும் மறுபடி விதைக்கும். எடுக்காமல் நிற்கும் பாதி, மயில்களுக்கு மறைவு, விறகு பொறுக்கும் பெண்களுக்கு ஓர் ஆண்டு அவகாசம்.

எடுக்கும் முறை

கட்டைவிரல் பருமன் வரை உள்ளதை, நல்ல மழை பெய்த இரண்டாம் நாள் கையுறை போட்டு நேராக மேலே இழுத்தால் ஆணிவேரோடு வரும். பக்கவாட்டில் இழுத்தால் கழுத்தில் முறியும். முறிந்தது பிழைத்துக்கொள்ளும்.

மணிக்கட்டுப் பருமனுக்கு, முதலில் இடுப்பளவு தண்டை விட்டுக் கிளைகளைக் கழித்துவிடுங்கள். அந்தத் தண்டுதான் பிறகு நெம்புகோல். அடியைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்கு மண்வெட்டியால் மண்ணைத் தள்ளி, ஓரடி ஆழத்தில் ஆணிவேரைக் கோடாரியால் வெட்டி, தண்டைச் சாய்த்து எடுக்க வேண்டும். வெட்டு விழுந்த இடம் கழுத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது எளிது: மேலே சொரசொரப்பான தண்டுப் பட்டை, கீழே செம்பழுப்பில் வழவழப்பான வேர்ப் பட்டை. எடுத்த கட்டையில் இரண்டும் சேர்ந்து தெரிந்தால் வேலை சரி. தண்டுப் பட்டை மட்டும் தெரிந்தால் கழுத்து மண்ணுக்குள் இருக்கிறது, மறுபடி தோண்டுங்கள். பக்கவேர்களைத் தேடி ஓட வேண்டியதில்லை. கழுத்து போனால் அவை மட்கிவிடும், மட்கிய வேர்த்தடம் வழியாக மழைநீர் உள்ளே இறங்கும்.

தொடைப் பருமனுக்கு ஜேசிபி. ஓட்டுநர்கள் பக்கெட்டைத் தரையோடு வைத்து முன்னே தள்ளத்தான் விரும்புவார்கள், வேகம் அதில்தான். அப்படித் தள்ளினால் அரையடி மேல்மண் மரத்தோடு போய் ஓரத்தில் குவியும், அதனுடன் புல் வேர், புல் விதை, கருவை நிழலில் சேர்ந்த இலைமட்கு எல்லாம் போகும். பின்பக்கத்துச் சிறிய பக்கெட்டின் பல்லைத் தூருக்கு அருகே இறக்கி, ஒவ்வொரு மரமாகத் தூக்கச் சொல்லுங்கள். மணி அதிகமாகும். புல் வேண்டுமென்றால் அந்தச் செலவைச் செய்தே ஆகவேண்டும். வண்டி புலத்துக்குள் வருமுன் சக்கரத்தில் ஒட்டிய மண்ணைக் கழுவ வேண்டும். பார்த்தீனியம் என்ற களை ஊருக்குள் வரும் வழிகளில் அதுவும் ஒன்று.

தூரில் மண்ணெண்ணெய், உப்பு, பழைய என்ஜின் ஆயில் ஊற்றுவதும், மேய்ச்சல் தரையில் களைக்கொல்லி தெளிப்பதும் வேண்டாம். கழித்த முள்ளை ஓரிடத்தில் குவித்துக் கொளுத்தவும் வேண்டாம். சூடு தின்ற அந்த வட்டத்தில் வெகுகாலம் புல் வராது. அதே முள்ளை எல்லையில் நெஞ்சளவுக்கு அடுக்கினால் முதல் ஆண்டுக்கு அடைப்பு தயார். ஆனால் நெத்து இருக்கும் கிளையை அடைப்பில் வைக்கக் கூடாது. நிலையான வேலிக்குக் கொங்குநாட்டுக் கொரங்காடுகளைப் பார்க்கலாம். காங்கேயம் பக்கம் கிளுவை உயிர்வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் வைத்துத் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்க்கிறார்கள். கிளுவைப் போத்துகளை, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளைகளை, முள் அடைப்புக்கு உட்புறமாக நட்டு வந்தால், முள் மட்கும்போது வேலி நின்றிருக்கும்.

புல்

கருவை நின்ற இடத்துச் சருகு புல் விதையை முளைக்க விடாது. முள்வாரியால் வாரி எடுத்துவிட வேண்டும், மண்ணைச் சுரண்டக் கூடாது. நிழலில் சேர்ந்த வளமான மண் அது, புல்லுக்கு வேண்டியதும் அதுதான். ஆடி, ஆவணியில் வாட்டத்துக்குக் குறுக்கே சம உயர வரப்பு போட்டு, வரப்புக்கு மேல்புறம் ஆழமில்லாமல் கீறிவிடுங்கள்.

முதல் ஆண்டின் 5 ஏக்கர், அதாவது 2 ஹெக்டேருக்கு, கொழுக்கட்டைப் புல் விதை 12 முதல் 16 கிலோ. இது ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ என்ற கணக்கு. அதோடு முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியின் விதை 4 கிலோ. முயல் மசாலும் தென் அமெரிக்கச் செடிதான், ஆகவே அளவோடு போதும். நரிப்பயறு விதை கிடைத்தால் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

விதையில் இரண்டு இடத்தில் தவறுகிறார்கள். அறுத்தவுடன் கொழுக்கட்டை விதை முளைக்காது, ஆறு முதல் எட்டு மாதம் உறக்கத்தில் இருக்கும். தையில் சேகரித்தது புரட்டாசிக்குச் சரியாக இருக்கும், ஆடியில் அறுத்தது ஆகாது. முயல் மசாலுக்கு விதையின் ஓடு கடினம். நன்கு கொதித்த நீரை இறக்கி, 80 டிகிரி அளவுக்கு ஆறியதும் விதையை 4 நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுதும் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். நிமிடம் கூடினால் விதை வெந்துவிடும். எதை வாங்கினாலும் 100 விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

கொழுக்கட்டை விதை பஞ்சுபோல இருக்கும். காற்றில் பறக்கும், கையில் ஒட்டும். மூன்று மடங்கு ஈரமணலில் பிசறி, அரை மீட்டர் இடைவெளிக் கீறலில் தூவி, இலையுள்ள ஒரு கிளையை மேலே இழுத்துப் போனால் போதும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடினால் வெளியே வராது.

விதைக்கும் நாள் புரட்டாசி நடுவுக்குப் பிறகு. மதுரையில் ஆவணியிலும் இடிமழை ஒன்றிரண்டு வரும். அதை நம்பி விதைத்தால் முளைத்து, அடுத்த இருபது நாள் வெயிலில் கருகும். அந்த ஆண்டு விதை மொத்தமும் நட்டம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பான பத்து நாள்தான் சரியான கணக்கு.

மரம் நடும் ஆசையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கருவை போன இடம் வெறுமையாகத் தெரிந்தவுடன், ஏக்கருக்கு நானூறு கன்று நட்டுக் காடாக்கிவிடலாம் என்று நல்லெண்ணத்தோடு வருகிறார்கள். மேய்ச்சல் தரைக்கு அதுவும் ஓர் ஆக்கிரமிப்புதான். புலிக்குளம் மாட்டுக்கும் கச்சைகட்டி கருப்பு ஆட்டுக்கும் வேண்டியது வெயில் படும் புல்லும், நண்பகலில் ஒதுங்க இங்கொன்றும் அங்கொன்றுமான நிழலும். சுண்ணாம்பு அடித்துக் காப்பாற்றிய மரங்களையும் சேர்த்து ஏக்கருக்குப் பத்து, பதினைந்து போதும். புதிதாக நடுவதென்றால் வெள்வேல், உசில். வெள்வேலின் நெத்து கோடையில் ஆட்டுக்கு நல்ல தீவனம்; கருவை நெத்துக்குப் பதில் அதுதான்.

கன்று பிடுங்கும் நடை

விதைத்த முதல் நல்ல மழைக்கு மூன்றாம் வாரம் கருவைக் கன்று தலைகாட்டும். தடித்த இரண்டு வித்திலை, நடுவே சிறகு போன்ற முதல் இலை. கொழிஞ்சிக் கன்றோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, இரண்டில் ஒவ்வொன்றைப் பிடுங்கி ஆட்களிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். நான்கு பேர் இரண்டு மீட்டர் இடைவெளியில் வரிசையாக நின்று நடந்து, கண்ணில் படுவதைப் பிடுங்கிக்கொண்டே போக வேண்டும். சாண் உயரம் வருவதற்குள் இரண்டு விரலால் வந்துவிடும். அதற்கு மேல் வேர் தண்டைவிட நீளமாகியிருக்கும், கடப்பாரை கேட்கும். முதல் ஆண்டு ஐப்பசி, கார்த்திகை, தை என்று மூன்று நடை. இரண்டாம், மூன்றாம் ஆண்டு கார்த்திகையில் ஒன்று, தையில் ஒன்று. அதன்பிறகு ஆண்டுக்கு ஒரு நடை. புல் மூடிய இடத்தில் கன்று குறைந்துகொண்டே வரும். சொட்டையான இடங்களில்தான் வரும், அங்கே மறுபடி விதையுங்கள்.

திறந்த மண்ணில் கருவைக்கு முன்னால் வந்துவிடுவது பார்த்தீனியம். வெள்ளைப் பூ விடும் முன்பே, கையுறையோடு பிடுங்க வேண்டும். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும் செடி. அதைத் தின்பதற்கென்று மெக்சிகோ வண்டு 1984இல் பெங்களூரில் விடப்பட்டது. அந்த வண்டை நம்பி மட்டும் இருக்க முடியாது. சாலையோரப் பட்டையில் ஆவாரையும் தகரையும் அடர்த்தியாக விதைத்தால் பார்த்தீனியம் அமுங்கும்.

ஆடும் நெத்தும்

சித்திரையில் கருவை நெத்தும் இல்லையென்றால் ஆட்டுக்கு என்ன போடுவது என்று ஊர்க்கூட்டத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் இல்லாமல் போகக் கூடாது. எடுக்காமல் விட்ட பாதியில் உதிரும் நெத்தைக் கூட்டிச் சேர்த்து, உடைத்தால் சடக்கென்று முறியும் வரை வெயிலில் காயவைத்து, அரைத்துக் கொடுக்கலாம். ஈரம் இருந்தால் சர்க்கரை உருகி அரவை இயந்திரத்தில் பசையாக அப்பிக்கொள்ளும். மாவில் முழு விதை தெரியக் கூடாது. விதை உடைந்தால் அதன் புரதமும் ஆட்டுக்கு, பரவுவதும் நிற்கும். அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்க வேண்டாம். நெத்தையே முழுத் தீவனமாக நெடுநாள் தின்ற மாட்டுக்குத் தாடைத் தசை சூம்பி, அசைபோட முடியாமல் மெலியும்.

விதைத்த முதல் ஆண்டு ஆடு உள்ளே வரக் கூடாது. தையில் கதிர் உதிர்ந்த பிறகு அறுத்துக்கொண்டு போகலாம். இரண்டாம் ஆண்டும் அப்படியே. பொங்கல் முடிந்ததும் ‘பச்சையாகத்தானே இருக்கிறது, ஒருநாள் விட்டால் என்ன’ என்று அடைப்பைத் திறப்பதுதான் பல இடங்களில் எல்லாவற்றையும் கெடுத்தது. முதல் ஆண்டுப் புல் தூர் கட்டியிருக்காது, ஆடு கவ்வினால் வேரோடு வந்துவிடும்.

மூன்றாம் ஆண்டிலிருந்து எத்தனை ஆடு என்பதை நிலத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மார்கழிக் கடைசியில் ஒரு மீட்டர் சதுரத்தில் புல்லை அறுத்துக் காயவைத்து எடை போடுங்கள். பத்து இடத்தின் சராசரி 100 கிராம் என்றால் ஹெக்டேருக்கு ஒரு டன். நம் 4 ஹெக்டேரில் 4 டன். பாதியை நிலத்துக்கே விட வேண்டும், மீதி 2,000 கிலோ. 25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு ஒரு நாளைக்குக் காய்ந்த புல் ஒரு கிலோ என்று வைத்தால், 20 ஆட்டுக்கு 100 நாள். 40 ஆடு என்றால் 50 நாள்தான். ஊரில் 200 ஆடு இருந்தால், யாருடையது எந்த வாரம் என்பதை எழுதி, பின்னர் வழக்கு வராமல் நான்கு துண்டிலும் முறைவைத்து மேய்க்க வேண்டும். ஒரு துண்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் முழு ஓய்வு.

வெளியூர் மந்தைகள் கடைசி ஓட்டை. தை, மாசியில் மந்தையோடு ஊர் ஊராகப் போகும் கீதாரிகள் கிடை போட, அதாவது மந்தையை இரவில் ஓரிடத்தில் அடைத்துப் படுக்கவைக்க, வருவார்கள், ஊருக்கு எரு கிடைக்கும். வேண்டாம் என்று சொல்வது தவறு. ஆனால் வழியெல்லாம் நெத்து தின்று வந்த மந்தையின் வயிறு காலியாக ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் முழுதும் கிடையைப் பட்டா நிலத்தில், உழவு ஓடும் இடத்தில் போடச் சொல்லுங்கள்; உழவில் கன்று போய்விடும். எட்டாம் நாள் மேய்ச்சல் தரைக்கு வரட்டும். அப்போதும் இரவில் படுக்கும் இடம் ஒரே மூலையாக இருக்க வேண்டும், நான்கு கல் நட்டு அடையாளம் வைக்க வேண்டும். அடுத்த ஐப்பசியில் கன்று பிடுங்க வரும் நால்வரும் முதலில் போய் நிற்க வேண்டியது அந்த நான்கு கல்லுக்குள்தான்.